தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆட்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். மதுரை டவுனுக்குள் அப்பா காலத்திலிருந்து நடக்கும் ஜவுளிக் கடை. 42 பேர் வேலை பார்க்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் 17 பேர் நின்றுவிட்டார்கள். அதில் 6 பேர் தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு போனவர்கள். பக்கத்துக் கடையைவிட மாதம் ஆயிரம் ரூபாய் கூடத்தான் கொடுக்கிறீர்கள். அப்பாவிடம் முப்பது வருடம் இருந்த ஆட்கள் உண்டு. “இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் விசுவாசமே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றுபோன ஒருவர் திரும்ப வரட்டுமா என்று கேட்கிறார், சேர்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி. இதையெல்லாம் படித்தபோது எனக்குக் காதில் விழுந்தது இதுதான்: “நான் ஒரு குறையும் வைக்கவில்லையே, அப்புறம் ஏன் என்னை விட்டுப் போகிறார்கள்?” இந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். விசுவாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிள்ளைகளைக் குறை சொல்வதில் போய் முடியும். உங்களுக்கு அதனால் பத்துப் பைசா பிரயோசனம் இருக்காது.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு 26 வருடம் ஆளெடுப்பு, சம்பளம், விடுப்பு, கணக்கு முடிப்பு என்று இதே வேலையில் இருந்தவன். முதல் பாதி கப்பலூர் தொழிற்பேட்டையில், பின்பாதி ஊருக்குள் ஒரு பெரிய துணிக்கடையில். ஆனால் உங்கள் கடையை நான் பார்த்ததில்லை, உங்கள் ஆட்களிடம் பேசியதில்லை. நீங்கள் சொன்ன ஒரு பக்கத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் அந்த 6 பேர். போனஸ் வாங்கியதும் போனார்கள் என்பது உங்கள் மனதை அதிகம் உறுத்துகிறது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஏமாற்றியதுபோலத் தெரிகிறது. ஆனால் போனஸ் தருமம் இல்லை. போனஸ் பற்றிய சட்டப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனத்தில் ஒரு கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்தவருக்கே அது உரிமையாகிவிடுகிறது. குறைந்தது 8.33 சதவீதம், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அது ஏற்கெனவே செய்துமுடித்த வேலைக்கான பாக்கி. பாக்கியை வசூலித்துவிட்டுக் கிளம்புவது எந்த ஊரிலும் நடப்பதுதான். தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் மே மாதம் வரை பொறுத்திருப்பார்கள். கம்பெனிகளில் இன்கிரிமென்ட் கடிதம் வந்த மறுவாரம் ராஜினாமாக்கள் வரும். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: போகிற நாளும், போவதென்று முடிவெடுத்த நாளும் வேறு வேறு. ஐப்பசியில் போனவர் பெரும்பாலும் ஆடியிலேயே மனதளவில் போய்விட்டவர். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடையில் என்ன நடந்தது, யாருக்கு லீவு மறுக்கப்பட்டது, யார் வாடிக்கையாளர் முன்னால் திட்டு வாங்கினார் என்று பின்னோக்கிப் பாருங்கள். காரணம் தீபாவளி வாரத்தில் கிடைக்காது.

அடுத்து, 17 என்பதை ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் 17 பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் சேர்ந்து எத்தனை மாதத்தில் போனார் என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தத் தொழிலிலும் சேர்ந்த முதல் சில மாதங்களில்தான் ஆட்கள் அதிகம் வேலையை விடுவார்கள், நாள் ஆக ஆக அது குறையும். பல நாடுகளில், பல துறைகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. உங்கள் 17 பேரில் பத்துப் பேர் ஆறு மாதத்துக்குள் போனவர்கள் என்றால், கோளாறு ஆள் சேர்க்கும் இடத்தில் இருக்கிறது. ‘காலை ஒன்பதரைக்கு வந்தால் போதும்’ என்று சொல்லிச் சேர்த்து, இரவு பத்து மணி ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். வேலையின் கஷ்டத்தையும் சேர்க்கும் முன்பே சொல்லிவிட்டால் வேலையை விடுகிறவர்கள் ஓரளவு குறைவார்கள் என்பது 1970களிலிருந்தே சோதித்துப் பார்த்த விஷயம். பெரிய மாற்றம் வராது, ஆனால் செலவில்லாத வேலை. மாறாக, மூன்று நான்கு வருடம் இருந்தவர்கள் போயிருந்தால் விஷயம் முற்றிலும் வேறு, அதைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும்.

சரி, சம்பளம். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதாகச் சொல்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் உங்கள் ஆள் கணக்குப் போடும் விதம் வேறாக இருக்கலாம். உதாரணத்துக்கு நீங்கள் 14,000, பக்கத்துக் கடை 13,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 42 பேர் இருப்பதால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் உண்டு. முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105 ரூபாய். கையில் வருவது 12,215. பக்கத்தில் ஏழெட்டுப் பேரை வைத்து நடத்தும் சின்னக் கடைக்கு இந்தப் பிடித்தம் கிடையாது, 13,000 அப்படியே கையில் வரும். வாடகை கட்டும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு உங்கள் கடை மாதம் 785 ரூபாய் குறைவு! நீங்கள் உங்கள் பங்காக இன்னொரு 12 சதவீதம் கட்டுவது அவனுக்குத் தெரியவே தெரியாது. அவனை உட்காரவைத்து, அவன் செல்போனிலேயே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, “இது உன் பணம், இவ்வளவு சேர்ந்திருக்கிறது” என்று காட்டியிருக்கிறீர்களா? நான் வேலை பார்த்த கடையில் இதைச் செய்ய ஆரம்பித்தது என் பதினெட்டாவது வருடத்தில்தான். முன்பே செய்திருக்கலாம் என்று இன்றும் வருத்தம் உண்டு. ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், 14,000 ரூபாய்க்காரருக்கு ஐந்து வருடத்தில் சுமார் 40,000 என்பதையும் நாலரை வருடம் ஆனவர்கள்கூட என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சம்பளத்தில் இன்னொன்றும் உண்டு, என் அனுபவத்தில் அதுதான் அதிகம் கசப்பது. வெளிக்கடை ஆளோடு ஒப்பிடுவதைவிட, பக்கத்து செக்‌ஷனில் நிற்பவரோடுதான் மனிதர்கள் தங்களை ஒப்பிடுவார்கள். ஆள் பற்றாக்குறை வந்ததும் புதியவரை 14,500க்குச் சேர்க்கிறோம். அவருக்குப் புடவை மடிக்கச் சொல்லிக்கொடுக்கிற ஆறு வருட ஆள் 14,000 வாங்குகிறார். சம்பளக் கவரை எவ்வளவு மறைத்துக் கொடுத்தாலும் அன்று சாயங்காலம் டீக்கடையில் தெரிந்துவிடும். ஆறு வருட ஆள் ஒன்றும் கேட்க மாட்டார். அன்றிலிருந்து வேறு இடம் பார்க்க ஆரம்பிப்பார். சம்பளத் தொகைக்கும் வேலையை விடுவதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடப் பலவீனமானது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குறைந்த சம்பளத்தில் இருப்பவருக்கு ஐந்நூறு ரூபாயும் பெரிது என்பதால் உங்கள் கடைக்கு அதை அப்படியே பொருத்த நான் தயங்குவேன். ஆனால் ‘நியாயமில்லை’ என்ற எண்ணம் ஆளைக் கிளப்பும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி விசுவாசம். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991இல் ஒரு பிரிவினை செய்தார்கள், இந்தத் துறையில் இன்றும் அதுதான் அடித்தளம். ஒருவர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதற்கு மூன்று விதமான பிடிப்பு உண்டு என்றார்கள். பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறார். போனால் நஷ்டம், அதனால் இருக்கிறார். போவது முறையல்ல என்று மனசாட்சி சொல்கிறது, அதனால் இருக்கிறார். வெளியிலிருந்து பார்க்கும் முதலாளிக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும், மூன்று பேரும் காலையில் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் முதல் ரகத்து ஆள்தான் கேட்காமலே ஒரு வேலையை எடுத்துச் செய்வார், வாடிக்கையாளருக்கு ஐம்பது புடவை விரித்துக் காட்டியும் முகம் சுளிக்க மாட்டார். இரண்டாவது ரகம் வரும், போகும், அவ்வளவுதான்.

நம் ஊர் முதலாளிகள் ஆள் போகாமல் இருக்கக் கையாளும் பழைய வழிகள் பெரும்பாலும் இரண்டாவது ரகத்தையே வளர்க்கின்றன. அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடுவது, பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வது, ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துவைப்பது. உங்கள் கடையில் சர்டிபிகேட் வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது தவறு, பயனும் இல்லை. கட்டிப்போடப்பட்டவர் கட்டு அவிழ்ந்த அன்று போய்விடுவார், அந்த நாள் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே வேலை பார்ப்பார். மில்களில் மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை வைத்திருந்த சுமங்கலித் திட்டம் எத்தனை குடும்பங்களை வதைத்தது என்பது திண்டுக்கல் பக்கம் போனால் இன்றும் கேட்கலாம்.

அப்பா காலத்து ஆட்கள் முப்பது வருடம் இருந்தார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் இருந்தவர்களை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. அதோடு அன்றைக்குப் போக வேறு இடமும் அதிகம் இல்லை. வேலையை விடுவது இரண்டைப் பொறுத்தது என்று மார்ச், சைமன் என்ற இருவர் 1958இலேயே எழுதினார்கள்: போக வேண்டும் என்ற எண்ணம், போக முடியும் என்ற வசதி. இந்த இரண்டாவது இப்போது தலைகீழாக மாறியிருக்கிறது. மாட்டுத்தாவணி, கே.கே. நகர், காளவாசல் என்று பக்கத்துக்குப் பக்கம் ஷோரூம்கள். பைக் இருந்தால் உணவு டெலிவரி. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் கொஞ்சம் தூரத்தில் நல்ல வேலை கிடைத்தாலும் பெண்கள் துணிந்து மாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்வதுதான், கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

அப்பாவிடம் இருந்த இன்னொன்றை மட்டும் காலத்தின் மீது பழிபோட்டு விட்டுவிட வேண்டாம். திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டிக்குப் போயிருப்பீர்கள். மில் தொழிலாளர்களுக்கென்று எழுந்த குடியிருப்பு. அங்கே வேலையை விடுவதென்றால் வீட்டை, தெருவை, பக்கத்து வீட்டுக்காரரை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை எல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. டெரன்ஸ் மிட்செலும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 2001இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், தமிழில் ‘வேர்பிடிப்பு’ என்று சொல்லலாம். எத்தனை பேரோடு உறவு, எவ்வளவு பொருத்தம், போனால் எதையெல்லாம் இழக்க வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தது அது. உங்கள் அப்பா ஆட்களின் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் எழுதியிருப்பார், பிள்ளைகளின் பெயர் தெரிந்து வைத்திருப்பார். இன்றைக்கு உங்கள் ஆட்களில் பாதிப் பேர் திருமங்கலம், சோழவந்தான், உசிலம்பட்டி பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் கடையில் வேர் எங்கே இருக்கிறது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். கப்பலூரில் நான் இருந்த கம்பெனியில் செக்கானூரணிப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவர் ஒன்பது வருடம் இருந்தார். லீவே போட மாட்டார். ஒரு நாள் ராஜினாமா கொடுத்தார், “வீட்டில் சூழ்நிலை சரியில்லை சார்” என்றார். நானும் நம்பிக் கணக்கு முடித்து அனுப்பினேன். ஒரு வருடம் கழித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், வேறொரு கம்பெனியில் அதே வேலை, சம்பளம் நூறு ரூபாய் குறைவு. டீ வாங்கிக் கொடுத்துக் கேட்ட பிறகு சொன்னார். மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதும் மாதம் மட்டும் பகல் ஷிஃப்ட் கேட்டிருக்கிறார், ராத்திரி அவள் படிக்கும்போது தான் வீட்டில் இருக்க வேண்டும் என்று. “உனக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதே மாதம் சூப்பர்வைசரின் உறவுக்காரப் பையனுக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்தது. அந்த விண்ணப்பம் என் மேசைக்கும் வந்தது. ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் அவர் போனார். தாமஸ் லீயும் மிட்செலும் 1994இல் சொன்னது இதைத்தான்: பலர் நாளுக்கு நாள் அதிருப்தி கூடிப் போவதில்லை, ஏதோ ஒரு சம்பவம் ஒரு அதிர்ச்சியைப் போல வந்து, ‘நான் ஏன் இங்கே இருக்கிறேன்?’ என்று யோசிக்க வைக்கிறது. அதற்கு முன்பு அவர்கள் அப்படி யோசித்ததே இல்லை.

இதை வைத்து ‘ஆட்கள் கம்பெனியை விட்டுப் போவதில்லை, மேனேஜரை விட்டுத்தான் போகிறார்கள்’ என்று எல்லோரும் சொல்லும் வாசகத்துக்குப் போய்விடாதீர்கள். அதில் பாதிதான் உண்மை. நல்ல மேனேஜரிடமிருந்தும் ஆட்கள் போவார்கள், மோசமானவரிடம் பத்து வருடம் இருப்பவர்களும் உண்டு. ஆனால் நின்றுபோன 17 பேரில் ஒரே ஃப்ளோரிலிருந்து எட்டுப் பேர் என்று வந்தால், அந்த ஃப்ளோர் சூப்பர்வைசரைப் பற்றி நீங்கள் யோசிக்கத்தான் வேண்டும், அவர் அப்பா காலத்து ஆளாக இருந்தாலும். ‘இந்தத் தலைமுறையே இப்படித்தான்’ என்பதையும் நான் நம்புவதில்லை. இருபது வயதில் வேலை மாறுவது எல்லாத் தலைமுறையிலும் அதிகம்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றி நானாகக் கேட்கிறேன், கடையில் விற்பனையாளர்கள் உட்கார இடம் இருக்கிறதா? வேலையில் நிலைத்திருப்பதையும் ‘நிற்கிறான்’ என்கிறோம், வேலையை விட்டதையும் ‘நின்னுட்டான்’ என்கிறோம். துணிக்கடையில் இந்த இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலில் நிற்பது இருக்கிறது. கால் நரம்பு சுருண்டு, கெண்டைக்காலில் துணி கட்டிக்கொண்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்து, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைப்பது கட்டாயமாகிவிட்டது. பல கடைகளில் ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார், அதனால் ஸ்டூல் சும்மா கிடக்கிறது. ஸ்டூல் வாங்குவதோடு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நீங்களே போய் “உட்காரும்மா” என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். எல்லோரும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

லீவு விஷயமும் அப்படித்தான். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட நம் பக்கத்து ஆட்கள் போயே ஆக வேண்டும். அன்றைக்கு லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டாவது போவார்கள். அது தெரிந்ததுதானே? தை மாதமே பட்டியல் போட்டு, யார் சிவராத்திரிக்கு, யார் ஊர்ப் பொங்கலுக்கு, யார் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு என்று அவர்களையே பேசி முடிவுசெய்யச் சொல்லுங்கள். நாங்கள் இதைச் செய்த வருடம் கடைசி நேரச் சண்டை நின்றது. ஆட்கள் போவதும் குறைந்ததா என்றால், அதே வருடம் சம்பளத்தையும் கூட்டினோம். எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போகிறவரிடம் காரணம் கேட்டால் உண்மை வராது. உங்களிடமிருந்து அவருக்குப் பாக்கிப் பணம் வர வேண்டியிருக்கிறது, எப்படிச் சொல்வார்? மூன்று மாதம் கழித்து, கடைக்கு வெளியே, உங்களைத் தவிர வேறு யாராவது கேட்டால் கொஞ்சம் வரும். அதைவிட முக்கியம், இருக்கிற 42 பேரிடம் ஒவ்வொருவராகப் பதினைந்து நிமிடம் பேசுவது. “என்ன நடந்தால் நீங்கள் இங்கிருந்து போவீர்கள்?” என்று நேராகவே கேளுங்கள். முதல் முறை “ஒண்ணுமில்ல முதலாளி” என்பார்கள். யாராவது ஒருவர் சொன்ன சின்ன விஷயத்தை, குடிதண்ணீர் மெஷினோ பாத்ரூம் தாழ்ப்பாளோ, அந்த வாரமே சரிசெய்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போது பேசுவார்கள்.

இவ்வளவு செய்தும் போகிறவர்கள் போவார்கள். குரூப் 4 பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கவுன்ட்டரில் நிற்கும் பட்டதாரிப் பெண்ணை நீங்கள் நிறுத்த முடியாது, நிறுத்த நினைக்கவும் கூடாது. கல்யாணமாகி வெளியூர் போகிறவர், அப்பாவின் நிலத்தைப் பார்க்கப் போகிறவர், திருப்பூரில் அண்ணன் கூப்பிட்டுப் போகிறவர், இவர்களை 17இலிருந்து கழித்துவிட்டு மீதிப் பேரைப் பற்றிக் கவலைப்படுங்கள். பாக்கியை இழுத்தடிக்காமல் முடித்து, அனுபவச் சான்றிதழ் கொடுத்து நல்லபடியாக அனுப்புங்கள். போகிறவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதை இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்ப வரக் கேட்கிறவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தைப் பார்த்துவிட்டு உங்கள் கடையே மேல் என்று வருகிறவர் உங்களுக்கு நல்லது. அவர் போன இடத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதையும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். போகாமல் இருந்த அதே அனுபவமுள்ள ஆளைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தீபாவளிக்கு இன்னும் நான்கு பேர் போய்ப் பார்ப்பார்கள். அவர் வேலைக்கு வரும் நாளுக்கு முன்பே, அவர் இருந்த செக்‌ஷன் ஆட்களைக் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் போனபோது அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள்.